ஏழு மணிக் கஞ்சியும் என் இரத்தத்தின் எண்ணும்

பாண் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தி கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. மூன்றாம் தரம் எடுக்கப் பார்த்தேன்; வலது கை விரல்கள் மடியவில்லை.

விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்பதுபோல வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். ஏழு வரை வந்தது. ஏழுக்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எதிரே மூன்று விரல்கள் மிச்சம் நின்றன. அவற்றுக்குப் பெயர் இல்லை.

நான் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் வேலை செய்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிப் பதிகிற எழுதுவினைஞர். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுவது நிற்கவில்லை. கொட்டாஞ்சேனையில் என் வீடு இரண்டாம் மாடியில், இருபத்துநான்கு படிகள். மனைவி றீற்றா காலமாகி ஆறு வருடங்கள். ஒரே மகள் டிலானி மெல்பனில். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள்.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். பதினொரு நிமிடத்தில் ‘எட்டு’ திரும்பி வந்தது. அந்தப் பதினொரு நிமிடமும் சாவைப்பற்றி நான் நினைக்கவில்லை. இங்கே விழுந்து கிடந்தால் எத்தனையாம் நாள் கதவை உடைப்பார்கள் என்று கணக்கிடப் பார்த்தேன். கணக்கிட எண்கள் இருக்கவில்லை.

அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்காக எல்லோரிடமும் ஏச்சு வாங்கியாயிற்று. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பேச்சுக் குழறினாலோ கை சோர்ந்தாலோ உடனே போங்கள்.

எனக்கு வந்தது சிறிய பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுதல்). காரணம் இதயத்தில் இருந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கு தப்பித் துடித்தல்) என்று எழுதினார்கள். அப்படித் துடிக்கும்போது இரத்தம் தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போய் அடைக்குமாம். என் இதயத்தின் மேல் எனக்குக் கோபம் வந்தது. எழுபத்துமூன்று வருடம் எனக்குள்ளேயே இருந்துகொண்டு ஒழுங்காக எண்ணத் தெரியவில்லை அதற்கு.

வார்ஃபரின் (இரத்தம் கட்டியாவதைத் தடுக்கும் குளிசை) தந்தார்கள். இதை எடுப்பவர்களுக்கு ஓர் எண் உண்டு. ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு தாமதிக்கிறது என்பதைக் காட்டும் அளவு). எனக்கு அது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் மறுபடி கட்டி வரலாம். கூடினால் இரத்தம் கசியலாம்.

எனக்கு ஓர் எண்ணைத் தந்துவிட்டார்கள் என்பதில் உள்ளூரச் சந்தோஷம்தான். எண்ணென்றால் நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

கிளினிக்கில் என்னைப் பார்த்தவர் ஓர் இளம் பெண் டொக்டர், தமிழ்ப் பிள்ளை. குரல் மெதுவானது, கேள்விகள் கறாரானவை.

“அங்கிள், கீரை கூடுதலாச் சாப்பிடுறீங்களா?”

“இல்லை டொக்டர்.”

“முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல்?”

“வீட்டில நான் தனிய. கீரை ஆய ஆருக்கு நேரம்?”

“நேரம் இல்லாமல் என்ன செய்யிறீங்க?”

அவர் சிரித்துவிட்டு எழுதினார். உப்பு, சீனி, இறைச்சி, பொரியல் எல்லாவற்றிலும் கோடு விழுந்தது. மாலையில் எடுக்கும் ஒரு சிறு கிளாஸ் சாராயமும் போயிற்று.

விரல்களின் சோர்வு முழுதாகப் போகவில்லை. சட்டைப் பொத்தான் போட நான்கு நிமிடம் எடுத்தது. டிலானி யாரிடமோ விசாரித்து, வெள்ளவத்தையில் ஒரு சித்த வைத்தியரின் விலாசத்தை அனுப்பினாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். பொறுமையான மனிதர். கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தார். றீற்றா போன பிறகு என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

தோளிலிருந்து கீழே உருவ எண்ணெய் தந்தார். மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தார்: நான்கு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. எனக்காகவே செய்தது போன்ற பயிற்சி. காலையில் வெறுவயிற்றில் இலைக்கஞ்சி குடிக்கச் சொன்னார்.

“வேற இங்கிலிஷ் மருந்து ஏதும் எடுக்கிறீங்களா ஐயா?”

“பிரஷருக்கு ஏதோ குளிசை.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல தரம் யோசித்தேன். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் எதையோ நிறுத்தினார்கள். வெள்ளவத்தையில் மட்டும்தான் எதையோ தந்தார்கள். இவருக்கு அவரைத் தெரிந்தாலும், அவருக்கு இவரைத் தெரிந்தாலும், இதுவும் நின்றுவிடும் என்று பயந்தேன். இரண்டு வைத்தியமும் என் உடம்பில் மட்டும் சந்தித்துக்கொண்டன. நான் வாயைத் திறக்கவில்லை.

கஞ்சி என்பது கீரை அல்ல, அது குடிப்பது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன். துறைமுகத்தில் இப்படி வகை மாற்றிப் பதிந்திருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

எங்கள் சந்தியில் காலை ஏழு மணிக்குச் சுமனா மடக்கு மேசை போட்டுக் கஞ்சிப் பானையை வைப்பாள். சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும். ஒருகொடவத்தையிலிருந்து வருவாள். திங்கள் வல்லாரை, செவ்வாய் சாத்தாவாரி, புதன் முடக்கொத்தான் என்று நாளுக்கு ஓர் இலை. ஞாயிறு வரமாட்டாள். அவளைச் சுற்றி முச்சக்கர வண்டிக்காரர்கள் நிற்பார்கள். நான் பக்கத்தில் நின்று கஞ்சி ஊதிக் குடித்தபடி யார் யார் வந்தார்கள் என்று எண்ணுவேன்.

“மாத்தயா, இன்னைக்கி எத்தன பேரு?” என்று கேட்பாள். சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா.

“இருபத்தாறு.”

“நேத்து?”

“முப்பத்தொண்டு.”

“அப்ப என்ட கஞ்சி நல்லா இல்ல. மாத்தயா எண்ணி எண்ணி ஆளுக்குக் கண் பட்டுப் போச்சு!”

முச்சக்கர வண்டிக்கார நியாஸ் விடமாட்டான். “அங்கிள் எண்ணாட்டி கொட்டாஞ்சேனையே ஓடாது. நாளைக்கி நாங்க எல்லாரும் டிக்கட் எடுத்துட்டு வாற, சரியா?”

பத்து நிமிடம், சில நாள் பன்னிரண்டு. ஒரு நாளில் நான் மனிதரோடு பேசுவது அவ்வளவுதான். சுமனா சில வேளை என் முகத்தைப் பார்த்து, “தூங்கல்லியா? கண்ணைப் பாருங்க” என்பாள். படியேறி வீட்டுக்குள் போனால் அடுத்த காலை வரை என் குரல் எனக்கே கேட்காது.

கிளினிக்கில் என் எண் ஏறவில்லை. ஒன்று தசம் நான்கு. ஒன்று தசம் ஆறு. டொக்டர் ஒவ்வொரு தடவையும் குளிசையைக் கூட்டினார். மூன்று மில்லிகிராமில் தொடங்கியது ஏழு மில்லிகிராமில் வந்து நின்றபோது எண் இரண்டு தசம் நான்கு ஆனது. எனக்குப் பெருமை. இனி ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்றார்.

பிறகு தவக்காலம் வந்தது, உயிர்த்த ஞாயிறுக்கு முன் நாங்கள் கத்தோலிக்கர் எதையாவது விட்டு ஒறுக்கும் நாற்பது நாள்.

விபூதிப் புதனன்று சுவாமி பிரசங்கத்தில், உங்களுக்கு ஏற்கெனவே வேண்டாமென்று இருப்பதை விட்டுவிட்டு ஒறுத்தல் என்று சொல்லாதீர்கள், இல்லாதபோது மனம் தேடுகிற ஒன்றை விடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இறைச்சி: டொக்டர் நிறுத்திவிட்டார். சாராயம்: அதுவும். இனிப்பு: அதுவும். சிகரெட்டை விட்டு இருபது வருடம். ஆண்டவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. கடைசி வரியில் ‘கஞ்சி’ என்று எழுதினேன்.

அடுத்த நாளிலிருந்து நிறுத்தினேன். சுமனாவிடம் சொல்லவில்லை. ஒறுத்தலை வெளியே சொல்லிக்கொண்டு திரியக்கூடாது என்று எங்களைச் சிறுவயதிலேயே பழக்கியிருந்தார்கள். ஏழு மணிக்குச் சந்தியைக் கடக்காமல் பின் ஒழுங்கையால் கடைக்குப் போனேன். மனம் தேடியது. ஆகவே ஒறுத்தல் சரியாகத்தான் நடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் பல் துலக்கும்போது முரசில் (பல் ஈறில்) இரத்தம் வந்தது. தூரிகை புதிது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் முன்கையில் அடிபடாமலே ஊதா நிறத்தில் கன்றிய கண்டல்கள். ஐந்து எண்ணினேன், அடுத்த நாள் ஏழு. எண்ணியதோடு சரி. முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்க யாருமில்லை. கேட்கக்கூடிய ஒருத்தியை நானே சுற்றிக் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

நான்காம் வெள்ளி பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை. யேசு சிலுவை சுமந்த வழியின் பதினான்கு தலங்கள், ஒவ்வொன்றிலும் முழந்தாளிட்டு எழும்ப வேண்டும். வயதானவர்கள் நீள வாங்கில் உட்கார்ந்தபடியே செபிக்கலாம். எனக்கு அது பிடிக்காது. பதினான்கு என்றால் பதினான்கு.

ஆறாம் தலத்தில் இடது முழங்காலில் சூடு தெரிந்தது. எட்டில் காற்சட்டை இறுகியது. ஒன்பதாம் தலத்தில் முழந்தாளிட்டேன், எழும்ப முடியவில்லை. கூட்டம் பத்தாம் தலத்துக்குத் திரும்பிவிட்டது. நான் மட்டும் ஒன்பதைப் பார்த்துக்கொண்டு கீழே இருந்தேன். எத்தனை பேரின் முதுகுகள் என்று அன்று எண்ணவில்லை.

பின் வாங்கிலிருந்த ஒரு பெண் கண்டுவிட்டு, வெளியே ஓடி முச்சக்கர வண்டி கூப்பிட்டாள். வந்தது நியாஸ். என்னைத் தூக்கி ஏற்றும்போது, “அங்கிளா! மௌத்தாகிட்டீங்கன்டுதானே நாங்க நெனச்ச!” என்றான். ஆஸ்பத்திரி வரைக்கும் வாய் ஓயவில்லை. வண்டியை மட்டும் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

முழங்காலுக்குள் இரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. ஐ.என்.ஆர். ஏழு தசம் ஒன்பது. விழுந்து தலை அடிபட்டிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

அடுத்த நாள் கிளினிக் டொக்டர் வாட்டுக்கே வந்தார்.

“அங்கிள், குளிசையைக் கூடுதலா எடுத்தீங்களா?”

“இல்லை. ஒவ்வொண்டும் எண்ணித்தான்.”

“புதுசா என்ன சாப்பிட்டீங்க?”

“புதுசா ஒண்டுமில்லை.”

“அப்ப எதையாவது நிப்பாட்டினீங்களா?”

பக்கத்துக் கட்டில்காரரும் காதைத் தந்துகொண்டிருந்தார்.

“கஞ்சி,” என்றேன்.

“என்ன கஞ்சி?”

“இலைக்கஞ்சி.”

“எவ்வளவு காலமாக் குடிச்சீங்க?”

“இருநூற்றுப் பதினேழு நாள். ஞாயிறு கழிச்சால் நூற்றெண்பத்தாறு கப்.”

டொக்டர் பேனையை மூடினார். “நூற்றெண்பத்தாறு கப்பை எண்ணியிருக்கிறீங்க. எனக்கு ஒரு கப் சொல்லேல்லை.”

“நீங்க கீரைதானே டொக்டர் கேட்டீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியதுபோல இருந்தது; கோபமாகவும் இருக்கலாம். கட்டில் விளிம்பில் இருந்து விளக்கினார். பச்சை இலைகளில் விற்றமின் கே (இரத்தம் உறைய உதவும் சத்து) இருக்கிறது. வார்ஃபரின் அதற்கு எதிராக வேலை செய்கிறது.

“நீங்க அங்கால கஞ்சியைப் போட, நான் தெரியாமல் இங்கால குளிசையைக் கூட்டியிருக்கிறன். தராசு நேராத்தான் நிண்டது. நீங்க திடீரெண்டு ஒரு தட்டைத் தூக்கிட்டீங்க. நேற்று உங்களுக்குப் போட்ட ஊசியில என்ன இருந்தது தெரியுமா?”

“என்ன?”

“விற்றமின் கே. உங்கட கஞ்சிதான், ஊசியில.”

ஆறு நாள் வாட்டில் இருந்தேன். பார்வையாளர் நேரத்தில் என் வரிசைக் கட்டில்களுக்கு நாற்பத்தொரு பேர் வந்த நாளும் உண்டு. என் கட்டிலுக்கு ஒருவரும் வரவில்லை. யாருக்கும் நான் சொல்லவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்தில் கண்ணை மூடி மூச்சை எண்ணினேன். நான்கு உள்ளே, ஆறு வெளியே. வலிக்கு அது உதவியது. மற்றதற்கு உதவவில்லை.

டிலானி தொலைபேசியில் அழுதாள். “அப்பா, சிஸ்டர்மார் நடத்துற இல்லத்தில ஒரு அறை இருக்காம். தனிய இருந்தது காணும்.”

“எனக்கு என்ன குறை இங்க?”

“கஞ்சியை நிப்பாட்டினதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. அதுதான் குறை.”

இந்தப் பிள்ளை சின்னதில் கணக்கில் சுமார்தான். இதைச் சரியாகப் போட்டுவிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் இல்லத்துக்குப் போவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

வாட்டிலிருந்தே வெள்ளவத்தை வைத்தியருக்கும் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொன்னேன். “ஐயா, இதைத் தெரிஞ்சிருந்தால் நான் உங்களை அழுத்தி உருவியே இருக்கமாட்டன். அந்தக் கண்டல்களில என்ர கையும் இருக்கும்,” என்றார். எண்ணெயை மெல்லப் பூசினால் மட்டும் போதும், மூச்சுப் பயிற்சியை விடாதீர்கள், கஞ்சி விஷயத்தை உங்கள் டொக்டர் சொல்கிறபடி செய்யுங்கள் என்றார். நான் பயந்ததுபோல யாரும் யாரையும் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஊன்றுகோலோடு சந்திக்குப் போனேன். சுமனா கரண்டியைப் பானையில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“மாத்தயாவுக்கு வாய் இல்லையா? ஒவ்வொரு நாளும் ஒரு கப் மூடி வெச்சேன். பத்து மணி வரைக்கும். பன்னெண்டு நாள்!”

“பிறகு?”

“பிறகு நெனச்சேன், மாத்தயா செத்துப் போச்சு. சந்தியில செத்த வீட்டு வெள்ளைக் கொடி தேடிப் பார்த்தேன். கொடி இல்ல. அப்ப சாகல்ல. அப்ப கோவம். என்ட கஞ்சியில என்ன கோவம்?”

தவக்காலம் என்று விளக்கினேன். அவள் கேட்டுவிட்டு, “உங்க சாமி கஞ்சி கேட்டாரா?” என்றாள். நியாஸுக்குக் கஞ்சி புரைக்கேறிவிட்டது.

பன்னிரண்டு கப். முப்பத்துநான்கு வருட வேலையில் நான் பதியத் தவறிய பொதிகள் இருக்கின்றன. பின்னால் தேடிக் கண்டுபிடித்திருக்கிறோம். இந்தப் பன்னிரண்டும் பத்து மணியானதும் கொட்டப்பட்டுவிட்டன.

எனக்கு எல்லா நாளும் வல்லாரையே வேண்டும், அப்போதுதான் அளவு ஒரே மாதிரி இருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். “மாத்தயா ஒரு ஆளுக்காக ரெண்டு பானை வெக்க ஏலாது” என்று முடித்துவிட்டாள். அவளுடைய வார முறையை எழுதிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டினேன். வாரா வாரம் இதே சுற்றுத்தான் என்றால் சமாளிக்கலாம், ஆனால் அரைக் கப் மட்டும், குளிசையை மறுபடி கீழேயிருந்து பார்ப்போம் என்றார். கிளினிக் புத்தகத்தில் வார்ஃபரினுக்குக் கீழே அவரே எழுதினார்: ‘இலைக்கஞ்சி, அரைக் கப், காலை, ஞாயிறு தவிர.’

வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் டொக்டரைக் கேளுங்கள். இலையோ எண்ணெயோ கசாயமோ எதைச் சேர்த்தாலும் சொல்லுங்கள். எதை விட்டாலும் சொல்லுங்கள். விடுவதைச் சொல்லத்தான் எங்களுக்குத் தோன்றுவதில்லை. வைத்தியர்கள் இரண்டு பேர் என்றால் இருவருக்கும் ஒரே உண்மையைச் சொல்லுங்கள். நோன்பு, விரதம், ஒறுத்தல் என்று வரும்போது முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

முழங்கால் முழுதாக மடிவதில்லை. பெரிய வெள்ளியன்று வாங்கில் இருந்தே பதினான்கு தலங்களையும் செபித்தேன். விரல்கள் பரவாயில்லை, பொத்தானுக்கு இப்போது ஒன்றரை நிமிடம். படிகள் அதே இருபத்துநான்குதான். பன்னிரண்டில் நின்று மூச்சு வாங்குகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் மாறிப்போய்விட்டது. டொக்டர் ஒருநாள் சொன்னார்: இன்று நாங்கள் பார்க்கும் எண் இன்றைக்கு உரியதல்ல, இரண்டு மூன்று நாளைக்கு முன் நீங்கள் எடுத்ததையும் விட்டதையும்தான் அது காட்டுகிறது. அன்றிலிருந்து என் உடம்பு எனக்குப் பின்னால் நடந்து வருவதுபோல இருக்கிறது. நான் படியேறி மேலே போய்விடுகிறேன். அது இன்னும் போன நாளில் நிற்கிறது.

செவ்வாயும் புதனும் அடைமழை. சுமனா வரவில்லை, கஞ்சியும் இல்லை. இரண்டு நாளும் பூட்டிய கடையொன்றின் தாழ்வாரத்தில் அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். இரண்டு நாளும் யாரோடும் பேசவில்லை.

இன்று வியாழன். வெயில் வந்துவிட்டது, சுமனாவும் வந்தாள், பேசினோம், இருபத்தெட்டுப் பேர். ஆனால் என் இரத்தத்தில் இன்னும் செவ்வாய்க்கிழமை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே மழை விடவில்லை. நான் தாழ்வாரத்தில் நிற்கிறேன். நாளை கிளினிக்கில் ஊசி குத்தி எடுப்பார்கள். எண் கொஞ்சம் ஏறியிருக்கும். ஏன் என்று டொக்டர் கேட்பார்.

மழை என்று சொல்வேன்.